கஸ்தூரி தைத்த திரையும் என் நுரையீரலும்

இதைக் கையில் எடுப்பவர்கள் முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. அதன் பிறகு நான் எழுதியதெல்லாம் துணி மூட்டையில் செருகும் சீட்டில் வீட்டு எண்கள் மட்டும்தான். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் உண்டு. என் மகள் தேவி, "நீ சொல்லுப்பா, நான் போன்ல அடிச்சித் தரேன்" என்றாள். பேசச் சொன்னால் எனக்கு நாலு வார்த்தைக்கு மேல் வராது. எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால் எழுதுகிறேன். பிழைகளை அவள் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

எழுதச் சொன்னவர் ஆஸ்பத்திரி டாக்டரம்மா. என்னைப் போல் கரி போட்டு இஸ்திரி தேய்க்கிறவர்கள் தாம்பரத்தைச் சுற்றி நிறையப் பேர் இருக்கிறார்கள். தான் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள், பட்டவர் சொன்னால் கேட்பார்கள் என்றார். வார்டுக்கு வெளியே பலகையில் ஒட்டுவார்களாம். அங்கே நின்று படிப்பவர்களுக்கு மூச்சு வாங்கும் என்பது எனக்குத் தெரியும். முடிந்தவரை சுருக்கமாகச் சொல்லப் பார்க்கிறேன்.

என் பெயர் ஏழுமலை. சேலையூரில், ரோட்டோரமாக ஒரு அபார்ட்மெண்ட் மதில் சுவரை ஒட்டி என் தள்ளுவண்டி நிற்கிறது. காலையில் பெட்டியில் கரியை நிரப்பி, எண்ணெய்த் துணி வைத்துப் பற்றவைத்து, விசிறியால் வீசுவேன். அணைகிற மாதிரி இருந்தால் குனிந்து வாயால் ஊதுவேன். பிறகு பொழுது சாயும் வரை நின்ற நிலைதான். உட்கார்ந்து தேய்த்தால் துணியில் பாரம் இறங்காது.

மழைநீர்க் கால்வாய்க்காக எங்கள் ரோட்டைத் தோண்டினார்கள். தோண்டிய மண் அப்படியே கிடந்தது. பஸ்ஸும் டிப்பர் லாரியும் போகும்போதெல்லாம் அது எழும்பி என் மேஜையில் வந்து உட்காரும். பி பிளாக்கில் இருக்கும் சார் ஒரு நாள் தன் வெள்ளைச் சட்டையைத் திரும்பக் கொண்டுவந்து, காலரில் இருந்த சாம்பல் நிறக் கோட்டை விரலால் காட்டினார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு அவ்வளவு வருத்தம் இருந்திருக்காது.

அன்றைக்கு நான் சரியாகச் சாப்பிடவில்லை. என் மனைவி கஸ்தூரி என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை, தான் பாத்திரம் தேய்க்கப் போகும் கல்யாண மண்டபத்திலிருந்து ஒரு பெரிய பேனரைச் சுருட்டித் தலையில் வைத்துக் கொண்டுவந்தாள். யாரோ ஒரு குழந்தையின் காதணி விழா பேனர். அதோடு தன் இரண்டு நைலக்ஸ் புடவைகளைச் சேர்த்து, கோணி ஊசியால் குத்திக் குத்தித் தைத்தாள். கட்டைவிரல் வீங்கிப் போனது. வண்டியின் மூன்று பக்கமும் மூடி, முன்னால் ஒரு புடவை தொங்கும்படி ஒரு திரை தயாரானது. துணி வாங்க யாராவது வந்தால் புடவையை விலக்கிக் கை நீட்டுவேன்.

பேனரைக் கட்டும்போது தலைகீழாகக் கட்டிவிட்டோம். மொட்டைத் தலையும் சந்தனமும் புதுக் கம்மலுமாக அந்தக் குழந்தை நாள் முழுவதும் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கும். மாற்றிக் கட்டலாம் என்றாள் கஸ்தூரி. வேண்டாம், பழகிவிட்டது என்றேன். வெள்ளைச் சட்டை வெள்ளையாகவே போனது. பி பிளாக் சார், "பரவாயில்லையே" என்று ஒரு நாள் சொன்னார். வீட்டுக்கு வந்து அதை அவளிடம் மூன்று முறை சொன்னேன்.

இருமல் எப்போது ஆரம்பித்தது என்று சரியாக நினைவில்லை. ரோட்டுத் தூசிதான் காரணம் என்று இருவருமே நினைத்தோம். நான் இருமுகிற சத்தம் கேட்டால் கஸ்தூரி எங்கே இடைவெளி இருக்கிறது என்று பார்ப்பாள். பேனரின் ஓரத்தில் ஒரு துண்டு சேர்த்துத் தைத்தாள். கீழ்ப்பக்கம் காற்றில் தூக்காமல் இருக்க செங்கல் வைத்தாள். நான் எவ்வளவு இருமினேனோ அவ்வளவு இறுக்கமாக மூடினாள். பெட்டியிலிருந்து வரும் புகைக்குப் போக வழி இல்லை என்பது எங்கள் இருவர் மனதிலும் தோன்றவே இல்லை. கரிப்புகை எங்கள் சோறு. தூசிதான் எதிரி.

பிறகு கால் வீங்கியது. எங்கள் வீட்டு மாடிப்படியில் பாதியில் நின்று, கைப்பிடிச் சுவரில் ஏதோ பார்ப்பது போல் நடிப்பேன். ஒரு நாள் பெட்டியைத் தூக்கினேன், நெஞ்சுக்குள் யாரோ கை வைத்து அழுத்தின மாதிரி இருந்தது. அடுத்த நினைவு, கஸ்தூரியின் தம்பி சேகருடைய ஆட்டோவில் என் தலை தேவியின் மடியில் இருந்தது.

பக்கத்து கிளினிக்கில் விரலில் ஒரு கிளிப் மாட்டினார்கள். ரத்தத்தில் பிராண வாயு எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கருவி அது. அங்கிருந்த டாக்டர் அதைக் கழற்றி, துடைத்து, இன்னொரு விரலில் மாட்டிப் பார்த்தார். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார். சேகர் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் ஓட்டினான்.

அரசு ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் வைத்துப் படுக்க வைத்தார்கள். அடுத்த நாட்களில் பரிசோதனைகள். எனக்குச் சட்டையைக் கழற்றவே கூச்சம். எக்ஸ்ரே பரவாயில்லை. எக்கோ என்றால் நெஞ்சில் ஜில்லென்று ஒரு பசை தடவி, இருதயம் எப்படி அடிக்கிறது என்று டிவியில் பார்ப்பது. வலிக்காது. மணிக்கட்டில் நாடி பிடிக்கும் இடத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பார்கள், அது வலிக்கும். பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ரத்தத்தில்தான் நுரையீரல் எவ்வளவு வேலை செய்கிறது என்று சரியாகத் தெரியுமாம்.

பெரிய ஸ்கேன் ஒன்று உண்டு. கையில் ஒரு மருந்தை ஏற்றி, வளையம் மாதிரி இருக்கும் மிஷினுக்குள் படுக்க வைத்துத் தள்ளுவார்கள். மருந்து போகும் பாதையை வைத்து ரத்தக் குழாய் எங்கே அடைத்திருக்கிறது என்று தெரியும். மருந்து ஏறும்போது உடம்பு முழுக்கச் சூடு பரவும். சிறுநீர் போய்விட்டது போலத் தோன்றும், ஆனால் போயிருக்காது, பயப்படாதீர்கள் என்று நர்ஸ் முன்பே சொன்னார். அப்படியே தோன்றியது. வெளியே வந்ததும் நான் முதலில் வேட்டியைத் தொட்டுப் பார்த்தேன். நீங்களும் பார்ப்பீர்கள். வெட்கப்பட வேண்டாம்.

ஸ்கேன் அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்தபோதுதான் நிஜமாகவே பயந்தேன். அங்கே யாரும் பேச மாட்டார்கள். இருமல்தான் பேசும். கஸ்தூரி என் பக்கத்தில் உட்கார்ந்து, என் வேட்டி ஓரத்தில் பிரிந்திருந்த நூலை முறுக்கிக்கொண்டே இருந்தாள். தேவிக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளும் அதையே நினைத்தாள் என்று பிறகு சொன்னாள்.

முடிவு வந்ததும் டாக்டரம்மா என் கட்டில் ஓரமாக ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். தேவி வயதைவிடக் கொஞ்சம்தான் கூட இருக்கும். நுரையீரல் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கிறது, அதனால் இருதயம் முக்கி முக்கித் தள்ள வேண்டியிருக்கிறது, அதுதான் கால் வீக்கம் என்றார். நான் தலையாட்டினேன். எனக்குப் புரியவில்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன்.

"அப்ப கோட்டெல்லாம் தேய்ப்பீங்க. உள்ள வழவழன்னு ஒரு லைனிங் துணி இருக்கும் இல்ல? அது எதுக்கு?"

"கை சட்டுனு நுழையறதுக்கு மேடம்."

"ரத்தக் குழாய்க்குள்ளயும் அதே மாதிரி ஒரு லைனிங் இருக்கு. ரொம்ப மெல்லிசு. அது வழவழன்னு இருக்கிற வரைக்கும் ரத்தம் ஒட்டாம ஓடும். அதுல தினமும் நெருப்புப் பொறி தெறிச்சா என்ன ஆகும்?"

எனக்குத் தெரியும். ஒரு தடவை ஒரு கல்யாண கோட்டில் என் பெட்டியிலிருந்து பொறி விழுந்திருக்கிறது. லைனிங் சுருங்கி மொரமொரப்பாகிவிட்டது. கையை விட்டால் அந்த இடத்தில் மாட்டியது.

அவர் பொறுமையாகச் சொன்னார். கண்ணுக்குத் தெரிகிற தூசி மூக்கிலும் தொண்டையிலும் நின்று சளியாக வெளியே வந்துவிடும். கரிப்புகையிலும் வண்டிப் புகையிலும் கண்ணுக்கே தெரியாத பொடி இருக்கிறது. அது நுரையீரலின் கடைசி வரை போகும். அங்கே குட்டிக் குட்டிக் காற்றுப் பைகள், அவற்றைச் சுற்றி முடி போன்ற ரத்தக் குழாய்கள். பொடி அங்கே போய் அந்த லைனிங்கைப் புண்ணாக்கும். புண்ணான இடம் வீங்கும், சொரசொரப்பாகும், குழாய் சுருங்கும். ரத்தம் அங்கே ஒட்டிக்கொள்ளும்.

புகை மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன் என்றார். நாள் முழுக்க நின்றதால் காலில் உறைந்த ரத்தம் மேலே போய் மாட்டியிருக்கலாம். ஆனால் புகை அதற்கு நன்றாக இடம் செய்து கொடுத்திருக்கிறது. பிறகு கேட்டார், "எங்க நின்னு தேய்க்கிறீங்க? காத்து வர்ற இடம்தானே?"

கஸ்தூரி பிளாஸ்கைப் பிடித்துக்கொண்டு என் கால்மாட்டில் நின்றாள். அவளுடைய கட்டைவிரல் தெரிந்தது.

"மரத்தடி மேடம்" என்றேன். "நல்லா காத்து வரும்."

அங்கே மரமே கிடையாது. டாக்டரம்மா எழுதிக்கொண்டார். கஸ்தூரி தரையைப் பார்த்தாள்.

அதன் பிறகு வயிற்றுத் தோலில் ஊசி, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, வீக்கம் வடிய மாத்திரை. ரத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முகச்சவரம் செய்யும்போது ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். சின்னக் கீறல் பட்டாலும் நிற்காமல் வரும். எப்படிப்பட்ட காயம் ஆனாலும், இந்த மாத்திரை சாப்பிடுகிறேன் என்று முதலில் சொல்லிவிட வேண்டும்.

பக்கத்துக் கட்டிலில் துரை அண்ணன் இருந்தார். மறைமலை நகரிலிருந்து துறைமுகத்துக்குக் கார் சாமான் ஏற்றிப் போகும் லாரியின் டிரைவர். அவருக்கும் மூச்சுதான். அவர் ஆக்ஸிஜன் குழாயோடு பேசினால் குரல் மூக்கிலிருந்து வரும்.

"இஸ்திரி, உன் நெஞ்சுல கீறது பாதி என் லாரிப் புகைதான். வாடகை இல்லாம வெச்சினுகீற. டிஸ்சார்ஜ் ஆவறதுக்கு முன்னாடி செட்டில் பண்ணிடு" என்பார். கஸ்தூரி கூடச் சிரித்துவிடுவாள்.

எல்லோரும் எனக்காக ஏதாவது செய்துகொண்டே இருந்தார்கள். எனக்கு அதை எப்படி வாங்கிக்கொள்வது என்று தெரியவில்லை. தேவி நாவலூரில் ஆபீஸ் முடிந்ததும் இரண்டு பஸ் மாறி வருவாள். வந்ததும் என் தலையை வாரிவிடுவாள். பெண்கள் பார்க்கிற இடத்தில் என் தலை கலைந்திருந்தால் எனக்குப் பிடிக்காது என்பது அவளுக்குத் தெரியும். சேகர் ஆஸ்பத்திரி வாசலிலேயே ஆட்டோவை நிறுத்திக்கொண்டு, அந்தப் பக்கம் சவாரி வந்ததாகச் சொல்வான். தினமும் அதே பக்கம் சவாரி வந்தது. வெளியில் வாங்க வேண்டிய மருந்துகளை அவன்தான் வாங்கினான். பில்லை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான். கேட்டால், "மச்சான், மூச்ச வேஸ்ட் பண்ணாத" என்பான்.

கஸ்தூரி மதியம் ரசம் சாதம் கொண்டுவருவாள். வரவர அவள் கண் சிவந்திருந்தது. அழுகிறாள் என்று நினைத்தேன். மணிக்கட்டில் ஒரு சூட்டுக்காயம் இருந்தது. தோசைக்கல் பட்டுவிட்டது என்றாள். அவள் குனிந்து எனக்கு வாய் துடைத்துவிடும்போது புடவையில் கரி வாசனை அடித்தது. என் மூக்கில்தான் அந்த வாசனை தங்கிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

மரத்தடி விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. வீட்டுக்குப் போனால் மறுபடியும் அந்தத் திரைக்குள்தான் நிற்க வேண்டும். திரையை எடு என்றால் ஏன் என்று கேட்பாள். சொன்னால், தன் கையாலேயே என்னை மூடிவிட்டேன் என்று ஆயுசுக்கும் நினைப்பாள். அவள் எனக்காகச் செய்த காரியம் அது. எனக்குக் கிடைத்த பாராட்டெல்லாம் அதனால் கிடைத்தது. அவள் இன்னும் வந்திராத ஒரு காலையில் துரை அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் வழக்கம்போல் கிண்டல் செய்யவில்லை.

"பொண்டாட்டி மனசு நோவக் கூடாதுன்னு பொய் சொல்லி நீ போய்ச் சேந்தா, அந்தம்மா மனசு குளுகுளுன்னு இருக்குமா? போய்ச் சொல்லுடா தம்பி."

அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. டாக்டரம்மா ரவுண்டு வந்தபோது, கஸ்தூரி டீ வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து அவரிடம் சொன்னேன். மரம் இல்லை, திரை இருக்கிறது, அவள் தைத்தது, அவளுக்குத் தெரிய வேண்டாம் என்றேன். அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. அவர் ஆச்சரியப்படுவார் என்று எதிர்பார்த்தேன். லேசாகச் சிரித்தார்.

"அந்தத் திரைக்குள்ள நீங்க இனிமே நிக்கக் கூடாது. இதை வீட்ல நீங்கதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

டிஸ்சார்ஜ் ஆகும் வரை நான் சொல்லவில்லை. நாளை, நாளை என்று தள்ளினேன். கிளம்பும்போது துரை அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாடகை பாக்கி" என்றார். அவர் இன்னும் படுக்கையில்தான் இருந்தார்.

ஆட்டோவில் வரும்போது வண்டி இருக்கிற வழியாகப் போகச் சொன்னேன். அங்கேயே சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். சேகர் நிறுத்தினான். வண்டி மட்டும் நின்றது. திரை இல்லை. நாலு பக்கமும் வெறிச்சென்று திறந்து கிடந்தது. மேஜை விரிப்பு துவைத்துப் போட்டிருந்தது. பெட்டியை உள்ளே வைத்துப் பூட்டியிருந்தார்கள்.

நான் கஸ்தூரியைப் பார்த்தேன். அவள் ரோட்டைப் பார்த்தாள்.

"நீ படுத்த மறுநாளே வந்தேன்யா" என்றாள். "தேய்க்கக் குடுத்த டீச்சரம்மா வூட்டுத் துணி மூட்ட அப்டியே கெடந்துது. துணி வரலன்னா வேற எடம் போய்டுவாங்களேன்னு நானே பெட்டியப் பத்த வெச்சி, திரைய இழுத்து வுட்டுகினு தேச்சேன். நாலு சட்ட முடியல. தல கிர்ருன்னு சுத்திச்சி. கண்ணுல தண்ணி ஊத்துது. அப்பவே தெரிஞ்சிட்ச்சி."

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ டாக்டராண்ட மரத்தடின்னு சொன்ன. எந்த மரம்? எனக்குப் புரியாதா? எம்மூஞ்சிக்காகப் பொய் சொல்ற. சரி, எனக்குத் தெரிஞ்சிட்ச்சின்னு உனக்குத் தெரிய வேணாம்னு வுட்டுட்டேன். நானே தனியாப் போயி டாக்டரம்மாவாண்ட சொல்ட்டேன்."

டாக்டரம்மா அன்றைக்கு ஏன் சிரித்தார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என்னிடம், நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்று சொன்னவர், இவளிடமும் அதையே சொல்லியிருக்கிறார். இரண்டு பேரும் தலையாட்டிவிட்டு வந்து சும்மா இருந்திருக்கிறோம்.

"அப்றம் எப்டி தேச்ச?" என்றேன்.

"தொறந்து போட்டுத்தான். தூசி வந்தா வருதுன்னு பி பிளாக் சாராண்ட சொல்ட்டேன். வெள்ளச் சட்டைய நீங்களே தேச்சிக்கங்கன்னேன்."

சேகர் முன் சீட்டில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தால் மூச்சு வாங்கியது. அவள் என் முதுகைத் தேய்த்துக்கொண்டே அழுதாள். நான் அவள் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டேன். அதற்குமேல் எங்கள் இருவருக்கும் பேசத் தெரியாது.

இப்போது நான் கரி தொடுவதில்லை. அந்த அபார்ட்மெண்டுக்குள்ளேயே கார் நிறுத்தும் இடத்தில், வாட்ச்மேன் அறைக்குப் பக்கத்தில் ஒரு பிளக் பாயின்ட் கொடுத்திருக்கிறார்கள். எனக்காகப் பேசிக் கேட்டு வாங்கியது பி பிளாக் சார்தான். கரண்ட் பெட்டி லேசாக இருக்கிறது. பாரம் இல்லாததால் கை ஆரம்பத்தில் தடுமாறியது. நடுநடுவே உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்கிறேன். மாத்திரை தொடர்கிறது, ரத்தப் பரிசோதனைக்குப் போகிறேன். முழுதாகச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மாடிப்படியில் இன்னும் நிற்கிறேன். ஆனால் நடிப்பதில்லை.

கரி வைத்துத் தேய்க்கிற அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் நான் சொல்ல வந்தது, தூசி வரட்டும், திறந்து வையுங்கள். குனிந்து ஊதாதீர்கள். கால் வீங்கினால், படியில் மூச்சு வாங்கினால், வீட்டில் சொல்லுங்கள். ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதற்காக மறைக்காதீர்கள்.

அந்தத் திரை இத்தனை நாளும் மடித்துக் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அதைக் கண்டாலே கஸ்தூரிக்கு ஆகாது. போகி வரட்டும், நெருப்பில் போடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். இன்று விடிந்ததும் தெருமுனையில் மேளச் சத்தம் கேட்டது. பழைய பாய், தலையணை, டயர் என்று கொளுத்தியிருக்கிறார்கள். அவள் திரையை இழுத்து எடுத்துக்கொண்டு வாசல் வரை போய்விட்டாள்.

"கொளுத்து" என்றேன். "அந்தப் புகையும் என்னத்தான் தேடிகினு வரும்."

அவள் நின்றாள். வெளியே தெரு ஏற்கெனவே வெள்ளையாகிக்கொண்டிருந்தது. கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்து, கத்தரிக்கோலை எடுத்தாள். புடவைத் துண்டுகளைக் கிழித்து ஈரமாக்கிக் கதவுக்குக் கீழே திணித்தாள். பேனரை வெட்டி, ரோட்டுப் பக்கம் இருக்கும் கண்ணாடி இல்லாத ஜன்னலில் ஆணி அடித்து மாட்டினாள். அடுப்பை அணைத்துவிட்டாள். இன்றைக்குப் பழைய சோறுதான்.

வெளியே போகிப் புகை. உள்ளே நெருப்பு எதுவும் இல்லை. நன்றாக மூச்சு விட்டுக்கொண்டு நான் இதை எழுதி முடிக்கிறேன். ஜன்னலில் அந்தக் காதணிக் குழந்தை என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. இந்தத் தடவை கஸ்தூரி அதை நேராக மாட்டியிருக்கிறாள்.

சேலையூர்,
மார்கழி கடைசி நாள், போகி.